குளிசை யார் போடுறது?

ஓட்டமாவடிச் சந்தியில் மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவனிடம் மருந்து வாங்குவோரைவிட மருந்தைப் பற்றிக் கேட்போரே அதிகம். கண், காது, நினைவு, முதுமை, நோன்பு என்று ஏதோ ஒன்று குறுக்கே நிற்பவர்களின் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுப்போம் என்று கடிதங்களைப் பிரித்தேன். அந்தப் பக்கம் சேராமல் மிஞ்சியது சில்லறை கேட்டு வந்த கடிதம் ஒன்றுதான்.

கேள்வி: வாப்பாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. பிறசருக்கு, சீனிக்கு, கொலஸ்ட்ரோலுக்கு என்று ஐந்து வகைக் குளிசை. நான் வீட்டில் இல்லாத நேரம் மாற்றிப் போட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. — மகள், மீராவோடை

பதில்: வாப்பாவிடம் கேட்டீர்களா? நூறு ரூபாய்த் தாளையும் ஆயிரம் ரூபாய்த் தாளையும் அவர் எப்படிப் பிரிக்கிறார் என்று கவனியுங்கள். கண் போன மனிதர் வீட்டுக்குள் தனக்கென்று ஒரு முறை வைத்திருப்பார். குளிசையும் அந்த முறைக்குள் போக வேண்டும். நம் முறையை அவர்மேல் ஏற்றினால் இரண்டாம் நாளே குழம்பும்.

ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த பெட்டி மருந்துக்கடைகளில் கிடைக்கும். இரண்டு வாங்குங்கள். காலைப் பெட்டிக்கு ஒரு றப்பர் பேண்ட், இரவுப் பெட்டிக்கு இரண்டு. வாரத்துக்கு ஒருமுறை நீங்கள் நிரப்பி வையுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை இருந்தால் அதை மட்டும் இந்தப் பெட்டிக்குள் போடாதீர்கள். அது தன் போத்தலைவிட்டு வெளியே வந்தால் பலம் போய்விடும். இன்னொன்று: சீனி வருத்தம் பல வருடமாக இருந்தால் விரல் நுனியின் உணர்வும் மங்கலாம். ஊசியால் குத்திய புள்ளி, நகத்தால் கீறிய கோடு எல்லாம் அவருக்குத் தட்டுப்படாது. தடித்த அடையாளம் வையுங்கள்.

மருந்துப் பெட்டியில் மருந்தின் பெயரைப் பிரெய்லில் பொறிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் விதி செய்தது. நல்ல விதிதான். ஆனால் நாங்கள் பெட்டியையே கொடுப்பதில்லையே! அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பத்துக் குளிசையை உறையில் போட்டு நீட்டுகிறோம். வெட்டாத அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் வாப்பாவைக் கடைக்குக் கூட்டிவாருங்கள். ஒவ்வொரு குளிசையையும் அவர் கையில் வைத்து நான் பெயர் சொல்வேன். பிறகு கலைத்துக் கொடுப்பேன், அவர் சொல்ல வேண்டும். உங்கள் கையில் வைத்துச் சொல்லி என்ன பிரயோசனம்?

கேள்வி: மருந்தாளரிடம் எத்தனை கேள்வி கேட்கலாம்? — பிறைந்துறைச்சேனை

பதில்: பின்னால் நிற்கிறவர் இருமும்வரை. பிறகு இருமலுக்கு அவருக்கு ஒரு வழி சொல்லி அனுப்பிவிட்டு உங்களிடம் திரும்புவேன்.

கேள்வி: மூத்தம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, மணிக்கூடும் பார்க்க மாட்டார். "எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா" என்று கடையில் சொல்லிவிட்டார்கள். எப்படி விளங்கவைப்பது? — பேரன், காவத்தமுனை

பதில்: மணிக்கூடு பார்க்காதவருக்குப் பாங்கு கேட்கும் அல்லவா? நம் ஊரில் எந்தப் பக்கம் காதைத் திருப்பினாலும் ஒரு பள்ளி. சுபஹு ஐந்து மணியளவில், லுஹர் பன்னிரண்டேகால் அளவில், இஷா ஏழரை அளவில். மூன்று வேளை மருந்தை இந்த மூன்றோடும் கட்டினால் இடைவெளி ஏழேகால், ஏழேகால், ஒன்பதரை மணித்தியாலம். பெரும்பாலான அன்ரிபயோட்டிக்குக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. இரண்டு வேளை மருந்தா? சுபஹும் மஃரிபும். சலம் போகவைக்கும் குளிசை சுபஹோடு மட்டும். அதை இஷாவோடு கொடுத்தால் மூத்தம்மாவுக்கும் தூக்கமில்லை, கைபிடித்துக் கூட்டிப்போகிற உங்களுக்கும் தூக்கமில்லை. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பாங்கு நேரம் வருடம் முழுக்கப் பெரிதாக ஓடுவதில்லை. லண்டனில் இருக்கும் சாச்சாவுக்கு இந்த யோசனையை அனுப்பிவிடாதீர்கள், அங்கே கோடையில் இஷா நடுநிசியைத் தொடும்.

இனி முக்கியமான விசயம். அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் மருந்து உறைகளைக் காட்டி நடத்திய ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. "இரண்டு குளிசை, நாளுக்கு இரண்டு தடவை" என்பது ஓர் உறை. வாசிப்புக் குறைந்தவர்களில் நூற்றுக்கு 70 பேர் அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். "அப்படியென்றால் ஒரு நாளைக்குரியதை எண்ணி எடுங்கள்" என்றபோது நான்கை எடுத்தவர்கள் நூற்றுக்கு 35 பேர்கூட இல்லை. வாசித்தவர் எல்லாம் விளங்கியவர் அல்ல. ஆகவே "விளங்கிச்சா உம்மா?" என்று கேட்பதைப் போல உபயோகமற்ற கேள்வி மருந்துக்கடையில் வேறில்லை. மரியாதைக்காகவே "ஓம் மகன்" என்பார்கள். "வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். நாலு குளிசையை அந்தக் கை எடுத்து வைத்தபிறகுதான் டொக்டரின் மருந்துத் துண்டுக்குரிய வேலை முடிகிறது.

படம் போட்ட உறை தரலாமே என்பீர்கள். அமெரிக்க மருந்து நியமப் புத்தகக்காரர்கள் 81 படங்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள். நல்லவைதான், ஆனால் படத்துக்கும் விளக்கம் வேண்டும். உறையில் பிறை இருந்தால் அது இராத்திரிக் குளிசை என்று நீங்கள் நினைப்பீர்கள். மூத்தம்மாவோ அடுத்த மாதம் தொடங்க வேண்டும் என்று எடுத்து வைத்துவிடுவார்.

கேள்வி: மூட்டு வருத்தத்துக்கு மெதோட்ரெக்சேட் தந்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருநாள்தானாம். வருத்தமோ தினமும் இருக்கிறதே? — செம்மண்ணோடை

பதில்: ஒருநாள் என்றால் ஒரே நாள்தான். இந்தக் குளிசையைத் தினமும் போட்டு உயிர்விட்டவர்கள் உலகம் முழுக்க உண்டு. வாய் புண்ணாகும், எலும்பு மச்சை இரத்தம் உண்டாக்குவதை நிறுத்தும். "வாரம் ஒருமுறை" என்று எழுதித் தந்தாலும் போதாது, நாளின் பெயரை எழுதித் தர வேண்டும். இந்த ஊரில் ஆண் பெண் யாரும் மறக்காத நாள் வெள்ளிக்கிழமை. டொக்டர் வேறு நாள் குறிக்காவிட்டால் அதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். கூடவே தரும் போலிக் அசிட்டை எந்த நாள் போடுவது என்பதையும் கேட்டு அதன் உறையிலும் நாளை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: என் நானாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கடைக்குப் போனால் எல்லாரும் அவரிடம் சத்தம் போடுகிறார்கள். — தங்கை, மாஞ்சோலை

பதில்: கேட்காதவரிடம் கத்துவது எங்கள் தொழிலின் பழைய வியாதி. கத்தும்போது வாய் கோணும், உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்கிறவருக்கு அந்த வழியும் அடைபடும். வெளிச்சம் மருந்தாளரின் முகத்தில் விழ வேண்டும், முகக்கவசம் கீழே இறங்க வேண்டும், கணினியைப் பார்த்துக்கொண்டு பேசக் கூடாது. வயதால் காது மந்தமானவரிடமும் சத்தத்தைக் கூட்டுவதைவிடக் குரலைத் தாழ்த்தி நிதானமாகச் சொல்வதுதான் எடுபடும்.

எழுதிக் காட்டலாம். ஆனால் பிறவியில் கேட்காத பலருக்குச் சைகைதான் தாய்மொழி, எழுத்துத் தமிழ் இரண்டாவதாக வந்தது. நாலு வரிக்கு எழுதினால் தலையாட்டுவார், அதுவும் "விளங்கிச்சா" வகைத் தலையாட்டல்தான். குளிசை, தண்ணீர்க் கிளாஸ், சோற்றுக் கோப்பை என்று பொருளைக் காட்டி, கையால் நடித்து, பிறகு அவரை நடிக்கச் சொல்ல வேண்டும். சைகை தெரிந்த உறவினர் இருந்தால் வீடியோ கோல் எடுங்கள். எட்டு வயது மகனை மொழிபெயர்க்க நிறுத்துவதுதான் எனக்குப் பிடிப்பதில்லை. வாப்பாவின் மூலநோயைப் பற்றிப் பிள்ளை பேச வேண்டுமா?

ஒரு விசயத்தை டொக்டரிடம் மறக்காமல் காட்டச் சொல்லுங்கள்: நானாவுக்குக் கொஞ்சமாவது கேட்கிறதென்றால் ஜென்டமைசின் ஊசி போன்றவை இருப்பதையும் கெடுக்கக்கூடும்.

கேள்வி: போன மாதம் வெள்ளைக் குளிசை, இந்த மாதம் மஞ்சள். கிளினிக்கில் கேட்டால் "ரெண்டும் ஒண்டுதான்" என்கிறார்கள். நம்பலாமா? — சைக்கிள் கடைக்காரர், வாழைச்சேனை

பதில்: நம்பலாம், ஆனால் கேட்டுத்தான் நம்ப வேண்டும். மருந்து ஒன்று, அதைச் செய்யும் கம்பனிகள் பல, ஒவ்வொன்றும் தன் விருப்பத்துக்குச் சாயம் பூசும். மருந்தை அதன் மூலப் பெயரால் எழுத வேண்டும், கம்பனிப் பெயருக்குக் காசைக் கொட்டக் கூடாது என்று இந்த நாட்டில் வாதாடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது அவர் முயற்சியால். அவருடைய வாதம் சரியானது. ஏழை நாட்டுக்கு வேறு வழியும் இல்லை.

ஆனால் நோயாளி குளிசையைப் பெயரால் அறிவதில்லை, நிறத்தாலும் வடிவத்தாலும் அறிகிறார். மாரடைப்பு வந்தவர்களைப் பற்றி 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், குளிசையின் நிறம் மாறியபோது அவர்கள் மருந்தை நிறுத்திவிடும் சாத்தியம் 34 வீதம் கூடியது. வடிவம் மாறியபோது 66 வீதம். 2022இல் டொலர் இல்லாமல் கிடைத்த கம்பனியின் மருந்தையெல்லாம் நாடு வாங்கியபோது நம் பெரியவர்களின் குளிசை வானவில்லாகிவிட்டது. சிலர் புதியதை நம்பாமல் விட்டார்கள். சிலர் பழையது வேறு, புதியது வேறு என்று இரண்டையும் போட்டார்கள், அதுதான் கூடுதல் ஆபத்து. ஆகவே நிறம் மாறினால் தருகிறவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும்: "இது அதேதான், பழையதை வைத்துக்கொண்டு இரண்டையும் போடாதீங்க." அவர் சொல்லாவிட்டால் பழைய அட்டையைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப் பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருக்க வேண்டும். மற்றது சாயம்.

கேள்வி: இரும்புக் குளிசையைப் பிளேன்டீயோடு போட்டால் என்ன? — ஆறு மாதக் கர்ப்பிணி, நாவலடி

பதில்: தேயிலை இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உங்களுக்கும் பிள்ளைக்கும் மிச்சம்தான் கிடைக்கும். தண்ணீரோடு போடுங்கள், தேசிக்காய்த் தண்ணியானால் இன்னும் நல்லது. மிட்வைஃப் தந்த கல்சியத்தையும் இரும்பையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள். நம் பழைய இரும்புப் பாலத்தில் அந்தக் காலத்தில் ரயில் வந்தால் பஸ் நிற்குமே, அதே கதைதான். ஒன்று போய்ச் சில மணித்தியாலம் கழித்து மற்றது.

கேள்வி: சீனி வருத்தத்தோடு நோன்பு பிடிக்கிறேன். சஹருக்கு எல்லாக் குளிசையையும் சேர்த்துப் போட்டால் நாள் முழுக்கத் தாங்கும்தானே? — ஹாஜியார், ஓட்டமாவடி

பதில்: தாங்காது ஹாஜியார், விழுத்திவிடும். கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்றவை சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் சீனியை இறக்குபவை. காலைக் குளிசையின் பெரிய பங்கை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவதும் சஹர் அளவைக் குறைப்பதும் வழக்கம். ஆனால் எவ்வளவு என்பதை உங்களைப் பார்க்கும் டொக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும் என்கிறது சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் வழிகாட்டல். அதாவது கிளினிக் கொப்பியோடு றஜப் தொடக்கத்தில் அல்லது நடுவில் வாருங்கள். தலைநோன்பு இரவில் கடைக் கதவு பூட்டும்போது வந்தால் என்னிடம் பேரீச்சம்பழம்தான் இருக்கும்.

விரலில் குத்திச் சீனி பார்த்தால் நோன்பு முறியாது. 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ அந்த நோன்பை விட்டுவிட வேண்டும் என்கிறது அதே வழிகாட்டல். அஸர் நேரத்தில் கை நடுங்கி வியர்க்கும்போது "இன்னும் ரெண்டு மணித்தியாலம்தானே" என்று இருப்பவர்கள் மயங்கியபிறகு ஆட்டோவில் வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்து: 1997இல் மொரோக்கோவில் மார்க்க அறிஞர்களும் மருத்துவர்களும் கூடி இதைப் பேசினார்கள். கண்துளி, காதுத்துளி, நாக்கின் கீழ் வைக்கும் நெஞ்சுவலிக் குளிசை, ஊட்டச்சத்து அல்லாத ஊசி ஆகியவை நோன்பை முறிக்காது என்று ஒருமித்துச் சொன்னார்கள். முட்டு வருத்தத்துக்கு இழுக்கும் இன்ஹேலரிலும் மூக்குத்துளியிலும் பெரும்பான்மையினர் முறிக்காது என்றார்கள், எல்லாரும் அல்ல. அதில் உங்கள் மௌலவியைக் கேளுங்கள். நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லப் போனால் அவர் மருந்து விற்க வந்துவிடுவார். மூன்று வேளைக் குளிசையை இஃப்தாருக்கும் சஹருக்கும் நடுவே நெருக்கிப் போடாதீர்கள். ஒரு வேளை, இரண்டு வேளைக்கு மாற்று மருந்து உண்டா என்று டொக்டரிடம் கேட்கலாம். பெரும்பாலும் உண்டு.

கேள்வி: கப்சூலின் கூடு பன்றிக் கொழுப்பா? — நோன்பாளியின் தம்பி

பதில்: கொழுப்பல்ல, ஜெலற்றின். மாட்டிலிருந்தும் எடுப்பார்கள், பன்றியிலிருந்தும் எடுப்பார்கள், மரக்கறி நாரிலிருந்து செய்த கூடும் உண்டு. எல்லாப் பெட்டியிலும் எழுதியிருக்காது. நம் ஊரில் இதைக் கேட்க வெட்கப்பட்டு மருந்தைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். வாங்கும்போதே கேளுங்கள். அதே மருந்து குளிசையாகவோ பாணியாகவோ பெரும்பாலும் இருக்கும். கூட்டைத் திறந்து உள்ளே இருப்பதை மட்டும் கொட்டிக் குடிப்பது எல்லா மருந்துக்கும் சரிவராது. கேட்காமல் செய்யாதீர்கள்.

கேள்வி: பாரிசவாதத்தில் படுத்த உம்மா விழுங்கச் சிரமப்படுகிறார். எல்லாவற்றையும் இடித்துக் கஞ்சியில் கலக்கிறோம். — மகன், பேத்தாழை

பதில்: உரலை வைத்துவிட்டு அட்டைகளை எடுங்கள். மருந்தின் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், எம்ஆர் என்று இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் அது நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரையச் செய்தது. இடித்தால் ஒரு நாள் மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். பிறசர்க் குளிசை அப்படி இறங்கினால் உம்மா எழுந்திருக்க மாட்டார். வயிற்று அமிலத்தைத் தாண்டிக் கரைய வேண்டும் என்று மேலே பூச்சுப் பூசியவையும் இடிக்கக் கூடாதவை. மற்றவற்றில் பலதை இடிக்கலாம், சிலதற்குப் பாணி உண்டு. எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், பிரித்துத் தருகிறேன். கோப்பை நிறையக் கஞ்சியில் கலக்காதீர்கள், பாதியில் உம்மா போதும் என்றால் மருந்தும் பாதிதான். ஒரு கரண்டி போதும். விழுங்கும்போது அடிக்கடி புரையேறினால் குளிசை இரண்டாம் கதை, முதலில் டொக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மகனுக்கு ஓட்டிசம். காய்ச்சல் பாணியை வாயில் விட்டதும் துப்பிவிடுகிறான். டொபி என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. — உம்மா, கல்குடா

பதில்: நல்லவேளை நம்பவில்லை. மருந்தை டொபி என்று நம்பிய பிள்ளை ஒருநாள் போத்தலைத் தானே திறக்கும். இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கசப்பு, வாசனை, பிசுபிசுப்பு நமக்குத் தெரிவதைவிடப் பல மடங்காகத் தெரியும். அது பிடிவாதம் அல்ல. ஊசி இல்லாத சிரிஞ்சை அவன் கையில் கொடுத்துத் தண்ணீரோடு பழக்குங்கள். நாக்கில் விடாமல் கன்னத்தின் உட்பக்கம் மெல்ல விடுங்கள். ஒரு கம்பனியின் ஸ்ட்ரோபெரி பிடிக்காவிட்டால் இன்னொன்றின் தோடம்பழம் பிடிக்கலாம். எதுவுமே சரிவராவிட்டால் பின்வழி வைக்கும் மருந்து இருக்கிறது.

துப்பியது எவ்வளவு என்று தெரியாமல் மறுபடி முழு அளவைக் கொடுக்காதீர்கள். பரசிற்றமோல் அளவு நிறையைப் பொறுத்தது: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 24 மணித்தியாலத்தில் நாலு தடவைக்கு மேல் இல்லை. 12 கிலோப் பிள்ளைக்கு, ஐந்து மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியானால் ஐந்து முதல் ஏழரை மில்லிலீற்றர். குசினிக் கரண்டிகள் ஒவ்வொன்றும் ஓர் அளவு, சிரிஞ்சுதான் சரி. டெங்குக் காலத்தில் பரசிற்றமோலைத் தவிர இபுப்ரோபென், டைக்குளோபெனாக், அஸ்பிரின் எதையும் காய்ச்சலுக்கு நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: தங்கச்சிக்கு வலிப்பு. கடையில் துண்டை நீட்டினால் "வலிப்புக் குளிசையா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்கிறார்கள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். — ராத்தா, ஊர் வேண்டாமே

பதில்: ஊரைச் சொல்லாமல் விட்டது புத்தி. மருந்தின் பெயரைச் சொல்லலாம், வருத்தத்தின் பெயரைச் சத்தமாகச் சொல்ல மருந்தாளருக்கு எந்த உரிமையும் இல்லை. நெரிசல் குறைந்த நேரம் போங்கள், அல்லது "ஓரமாப் பேசலாமா" என்று கேளுங்கள். கேட்காமலே ஓரம் ஒதுக்குவது எங்கள் கடமை.

இந்தக் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையோடு பேசுவதற்கு முன்பே டொக்டரிடம் பேச வேண்டும். அவள் குடிப்பது சோடியம் வல்புரோவேட் என்றால், கர்ப்பத்தில் அது பத்தில் ஒரு பிள்ளைக்குப் பிறவிக் குறை உண்டாக்குகிறது, பத்தில் மூன்று நாலு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. மாற்று மருந்து உண்டு, மாற்றுவதற்கு மாதங்கள் வேண்டும். கார்பமசெபின் என்றால் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையின் பலத்தை அது குறைத்துவிடும். இதை வாசித்த கையோடு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே முடியும்.

கேள்வி: சக்கர நாற்காலியில் வருகிறேன். மருந்துக்கடைக்கு மூன்று படி. — பாசிக்குடா

பதில்: பொது இடங்களுக்குள் நுழைய ஊனம் தடையாகக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. சட்டம் படியேற இன்னும் நாளாகலாம். வாசலில் நின்று கூப்பிடுங்கள், மருந்தாளருக்குக் கால் இருக்கிறது. குளிசையைச் சிறுவனிடம் கொடுத்தனுப்பினால் வாங்காதீர்கள், விளக்கம் சொல்பவர் இறங்கி வரட்டும்.

கேள்வி: மனைவியின் துண்டை நான்தான் கொண்டுவருகிறேன், நான்தான் விளக்கம் கேட்கிறேன், வீட்டில் போய் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் அவளைக் கூட்டிவா என்கிறீர்கள். ஏன்? — கிரான் வீதி

பதில்: போன தடவை "காலையில் வெறுவயிற்றில் போட்டு அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்கணும்" என்று எலும்புக் குளிசைக்குச் சொல்லி அனுப்பினேன். நீங்கள் வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று இப்போதே எழுதி அனுப்புங்கள் பார்ப்போம். அவர் வர முடியாதென்றால் கடையிலிருந்து போன் எடுத்து என்னிடம் தாருங்கள். ஸ்பீக்கரில் போட வேண்டாம்.